கடல் காற்று ஒத்துக்கொள்ளாதவர்

என் கணவருக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை பாண்டிச்சேரிக்குப் போய் வரலாமா என்று கேட்டேன். சின்ன வயசில் கடலூர் கடற்கரைக்குப் போய் வந்த மறுநாளே மூச்சிளைப்பு வந்து பெரியாஸ்பத்திரியில் படுத்துக் கிடந்ததாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரும் ஆமாம் என்று தலையாட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடலைப் பார்த்துவிடலாம். நாங்கள் பார்த்ததில்லை. என் மகள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில். நான் பார்த்தது என் தம்பி கல்யாணத்தின்போது, மண்டபத்து மொட்டை மாடியிலிருந்து, தென்னை மரங்களுக்கு அப்பால் ஒரு நீலக் கோடாக.

மாமனார் இறந்தபோது மாமியார் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டும். மாமனார் இளவயதில் கடலூர்த் துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்தவர். கடைசிவரை கடலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கடல் காத்து பட்டா எனக்கு மூச்சு எளைக்கும்னு ஒனக்குத் தெரியாதாம்மா? நம்ம மணிமுத்தாறு காசிக்குச் சமம். இங்கியே கரைச்சிடலாம்" என்றார்.

கோடைக்காலம். ஆற்றில் அங்கங்கே குட்டைபோலத்தான் தண்ணீர் நின்றது. கணுக்கால் ஆழத்தில் நின்று அவர் கலயத்தைக் கவிழ்த்தார். சாம்பல் ஓடவில்லை. தண்ணீர்மேல் கொஞ்ச நேரம் மிதந்து, சேற்றில் ஒட்டிக்கொண்டது. மாமியார் படித்துறையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்களுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை இருக்கிறது. ஃபியூஸ் கட்டை, சுவிட்சுக்கான அடிக்கட்டை இவைதான் சரக்கு. வெளியூர் வியாபாரிகளைப் பார்ப்பது அவர் வேலை. முன்னறையில் உட்கார்ந்து பில் போடுவது, லாரிக்குச் சொல்வது, போன் எடுப்பது, அவருடைய பயணத்துக்கு டிக்கெட்டும் ரூமும் பதிவு செய்வது எல்லாம் என் வேலை. அவருடைய போனில் ரூம் பதிவு செய்யும் ஆப்பைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அதில் என் நம்பர்தான் இருந்தது. மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஒரு நாள் முற்பகலில் அந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது. பேசியவள் இளம்பெண். நான் யாருங்க என்று கேட்டதும் தமிழுக்கு மாறினாள். தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ். விசாகப்பட்டினத்தில் ஒரு ஹோட்டலின் பெயரைச் சொன்னாள். போன மாதம் சாரும் நீங்களும் தங்கியது வசதியாக இருந்ததா, கடலைப் பார்த்த அறை பிடித்திருந்ததா என்று கேட்டாள். அலமாரியில் ஒரு பச்சைத் துப்பட்டாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள், கூரியரில் அனுப்பட்டுமா என்றாள்.

நான் வாழ்க்கையில் சுடிதார் போட்டதில்லை. போன மாதம் என் கணவர் விஜயவாடாவில் இருந்தார். வியாபாரி ஊரில் இல்லை, அவருக்காகக் காத்துக் கிடக்கிறேன் என்று தினம் போனில் சொன்னார்.

அனுப்பி வையுங்கள் என்று சொல்லிப் பட்டறை முகவரியைக் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. உறவுக்காரர்கள் அங்கே வரப் போகிறார்கள், நாங்கள் எங்கெங்கே போனோம் என்று கேட்கிறார்கள், எனக்கு இடத்தின் பெயரெல்லாம் மறந்துவிட்டது என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கைலாசகிரியில் ரோப் கார். ருஷிகொண்டாவில் படகு. அரக்குப் பள்ளத்தாக்குக்கு ஹோட்டல் கார், தமிழ் பேசும் டிரைவர். சார் படகில் இரண்டு தடவை போனார் என்று டிரைவர் சொன்னாராம்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே தள்ளுவண்டியில் காய்ந்த கட்டைகளைச் சூளைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துப்பட்டாக்காரி யார் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. முதலில் நெஞ்சைப் பிடித்து எரித்தது அந்தப் படகு. இரண்டு தடவை.

மதியம் அவர் சாப்பிட வந்தார். வத்தக்குழம்பு ஊற்றினேன். அப்பளம் கேட்டார், வைத்தேன். விஜயவாடாவில் வெயில் எப்படி இருந்தது என்று கேட்டேன். கொளுத்துது என்றார்.

அப்போதே கேட்டிருக்கலாம். எல்லோரும் பிறகு என்னிடம் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவரை எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால், மாமியாரை வீட்டில் வைத்துக்கொள்ள நான்தான் சம்மதிக்கவில்லை என்று சொந்தக்காரர்களிடம் அவர் சொல்லி வைத்திருந்தது என் காதுக்கு வந்தது. மாமியாரோ எங்கள் வீட்டில்தான் இருந்தார். கணவரிடம் கேட்டேன். தனியாகக் கேட்டேன், அதுதான் தப்பாகப் போயிற்று. முதலில் இல்லை என்றார். பிறகு அழுதார். பிறகு நெய்வேலியிலிருந்து தன் அக்காவை வரவழைத்தார். பொழுது சாய்வதற்குள், வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டதற்காக நாத்தனார் முன்னால் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதனால் இந்தத் தடவை கேள்வியை நான் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்தேன். வேறு யாராவது கேட்க வேண்டும். அவர் அக்காவைக் கூப்பிட முடியாதபடி அக்கா முன்னாலேயே கேட்க வேண்டும். பட்டறையில் வேலை இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஓட முடியாத இடத்தில் கேட்க வேண்டும்.

நாத்தனாருக்கு நரசிம்மர்மேல் பக்தி. எங்கே நரசிம்மர் கோயில் இருந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். அவருக்குப் போன் செய்து மற்ற பேச்சுக்கு நடுவே சிம்மாசலம் என்ற பெயரை மட்டும் சொன்னேன். விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மலைமேல் இருக்கிறதாம், சந்தனத்தால் மூடிய நரசிம்மராம், அத்தையும் நடக்க முடிகிற காலத்திலேயே ஒரு தடவை கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் என்றேன். அதற்குமேல் நான் எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரே வந்து கூடத்தில் உட்கார்ந்து, நாலு நாள் எல்லோரும் விசாகப்பட்டினம் போகிறோம் என்று அறிவித்தார். அவர் கணவருக்குச் சுரங்கத்தில் லீவு கிடைக்காது. ஆகவே நாத்தனார், மாமியார், என் கணவர், நான். கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்குப் பரீட்சை நேரம். அவள் வர முடியாமல் போனது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

நான் என் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அவ்ளோ தூரம் எதுக்குக்கா? திருப்பதி போவலாம். இல்ல, மைசூர் போவலாம்" என்றார்.

திருப்பதியில் என்னடா நரசிம்மர் என்று நாத்தனார் கேட்டார். அப்போது அவர் கடல் காற்றை எடுத்தார். எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஊரில் நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் ஏற்கெனவே நேரம் வாங்கி வைத்திருந்தேன். அக்காவின் முன்னால் அவரால் வர மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் நானும் மாமியாரும் அவரை அழைத்துப் போனோம். டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முதுகில் குழலை வைத்துக் கேட்டார். படம் எடுத்துப் பார்த்தார். "இவருக்கு மூச்சுல ஒரு கொறையும் இல்லிங்க. கடலுக்கு என்னா, இமயமலைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார். மாமியார் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மகனுக்கு மூச்சு சரியாகிவிட்ட சந்தோஷம் அவருக்கு.

திட்டம் போட்ட அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். அவ்வளவு ருசித்து ஒரு வேலையை நான் செய்ததில்லை. எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து சென்ட்ரல் போய், அங்கே விசாகப்பட்டினம் வண்டி. மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை. போய்ச் சேருகிற நாள் ஓய்வு, சாயங்காலம் கடற்கரை. மறுநாள் ருஷிகொண்டா. பிறகு சிம்மாசலமும் கைலாசகிரியும். கடைசி நாள் அரக்கு. அவரும் அவளும் போன ஒரு இடத்தையும் நான் விடவில்லை. ஹோட்டலுக்குப் போன் செய்து, போன தடவை கொடுத்த மாதிரியே கடலைப் பார்த்த அறைகள் வேண்டும், அதே டிரைவர் வேண்டும் என்றேன். அதே பெண்தான் எடுத்தாள். கட்டாயம் ஏற்பாடு செய்கிறேன் மேடம் என்றாள்.

சூளையில் சூட்டை எடுத்த எடுப்பில் ஏற்றினால் கட்டைகள் வெடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அவருக்கு நான் அப்படித்தான் ஏற்றினேன். ஊர் முடிவான பிறகு சில நாள் விட்டு ஹோட்டல் பெயரைச் சொன்னேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் என் முகத்தைத் தேடினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஓட்டலு நல்லாருக்காதே" என்றார்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நெட்டுல போட்டிருந்தாங்க."

நானும் நெட்டில்தான் பார்த்தேன், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் போட்டிருக்கிறார்கள் என்றேன். பிறகு வேறொரு நாள் படகைச் சொன்னேன். இன்னொரு நாள் ரோப் காரைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். படகு அம்மாவுக்கு ஆகாது, ரோப் காரில் கூட்டம் இருக்கும், அரக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். நான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பார்த்துக்கலாங்க என்பேன். எனக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமை அவரைத் தின்றது. சாப்பாடு குறைந்தது. போனைக் குளியலறைக்கும் எடுத்துக்கொண்டு போனார். நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பட்டறையில் கட்டைகளை மெருகில் தோய்க்கும் பெண்கள், என்னாக்கா முகத்துல ஒரு களை என்று கேட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் கடைசி முயற்சியாக, பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, நீங்கள் மூன்று பேரும் போய்விட்டு வாருங்கள் என்றார். பட்டறை மேஸ்திரியிடம் நான் முன்கூட்டியே பேசி அந்த வாரத்துச் சூளையைத் தள்ளிப் போட்டிருந்தேன். மீதியை நாத்தனார் பார்த்துக்கொண்டார். பெத்தவளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை ஊருக்குப் போக உனக்கு வலிக்கிறதா என்று போனில் அவர் கத்தியது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது.

இதற்குள் கூரியர் வந்திருந்தது. பாசிப் பச்சையில் மெல்லிய துப்பட்டா. ஓரத்தில் ஜரிகைப் பூ. ஏதோ பவுடர் வாசம். சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு என் பெட்டியின் அடியில் வைத்தேன்.

விசாகப்பட்டினத்தில் இறங்கியபோது நல்ல வெயில். ஹோட்டல் வரவேற்பில் நின்ற இளைஞன் என் கணவரைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்து, வெல்கம் பேக் சார் என்றான். பிறகு என்னைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான். சிரிப்பை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். நாத்தனார் அதைக் கவனித்துவிட்டார்.

"என்னாடா, இங்க வந்திருக்கியா?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான்க்கா சொல்லுவாங்க. பழக்கம்."

அறைக் கதவைத் திறந்ததும் எதிரே கடல். மாமியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பால்கனிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஒங்க மாமா இதத்தான் சொல்லிட்டே இருந்தாரு என்றார்.

சாயங்காலம் கடற்கரையில் காற்று பலமாக இருந்தது. என் கணவர் பொரி வாங்கப் போயிருந்தார். காது அடைக்கிறது என்று மாமியார் முந்தானையை இழுத்து மூடினார். நான் பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து அவர் தலையைச் சுற்றி, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிட்டேன். பச்சை நிறம் அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது. பொரிப் பொட்டலங்களோடு வந்தவர் தன் அம்மாவைப் பார்த்தார். அப்படியே நின்றார். ஒரு பொட்டலம் சாய்ந்து பொரி காற்றில் பறந்தது.

"இது ஏது?"

"அத்தைக்குக் காது அடைக்குதுன்னாங்க. நல்லாருக்குதாங்க?"

நாத்தனாரும் மாமியாரும் அலையைப் பார்த்து முன்னே நடந்ததும் அவர் என் பக்கத்தில் வந்தார். எதுவாக இருந்தாலும் ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். எதைப் பற்றி என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொரி தின்றேன். தேங்காய்ப் பத்தை போட்டு நன்றாகவே கலந்திருந்தான்.

மறுநாள் காலை கார் வந்தது. டிரைவர் திருத்தணிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். என் கணவர் முன் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். டிரைவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ருஷிகொண்டாவில் இறங்கி வெளிச்சத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாமியார் படகைப் பார்த்து, எனக்கு வேணாம்ப்பா, பயமா இருக்குது என்றார்.

"பயப்படாதீங்கம்மா. சாரு போன தடவ ரெண்டு ரவுண்டு போனாரு. கூட வந்த மேடம்தான் கத்திக்கிட்டே இருந்தாங்க" என்றார் டிரைவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. துணியை எடுத்துக்கொண்டு போய், துடைத்திருந்த கார் கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

போன தடவையா என்றார் நாத்தனார். ஆள் மாற்றிச் சொல்கிறான் என்றார் என் கணவர். நாத்தனார் விடவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, இவரையா சொன்னீர்கள் என்று கேட்டார். எனக்கெதுக்குங்க வம்பு என்று அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. நாத்தனாரின் கண் தம்பியிடமிருந்து அம்மாவின் தலையில் அன்றும் கட்டியிருந்த துப்பட்டாவுக்குப் போயிற்று, அங்கிருந்து எனக்கு வந்தது.

மாமியார் இதையெல்லாம் கேட்டபடி படகையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். பிறகு மகன் பக்கம் திரும்பினார். கோபம் இல்லாத, களைத்துப்போன குரலில் கேட்டார்.

"ஒங்கப்பனக் கரைக்கத்தான் ஒனக்கு மூச்சு எளைச்சிதா?"

துப்பட்டாக்காரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எந்த இடத்தில் எரிந்ததோ அதே இடத்தில்தான் அவருக்கும் எரிந்திருக்கிறது. இதற்குத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. என் கணவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அழத் தொடங்கினார். அந்த அழுகை எனக்குத் தெரியும். இந்தத் தடவை அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

நாத்தனார் என்னைத் தனியாக இழுத்துப் போனார்.

"நீ தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமாங்கண்ணி. தெரிஞ்சேதான்."

"வயசான மனுஷிய வெச்சிக்கிட்டு இப்படிப் பண்ணணுமா? வூட்லயே கேட்டிருக்கலாமில்ல?"

"வூட்ல கேட்டா நீங்க வந்து என்னையே மன்னிப்புக் கேக்க வெச்சிருப்பீங்க."

நான் சொன்னது எந்த நாளைப் பற்றி என்று அவருக்கு நினைவிருந்தது. அவர் முகம் சிவந்ததைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கணக்கில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது மாமியார் மகன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எறங்குடா என்றார். எங்கே என்று அவர் கேட்டார். மாமியார் கடலைக் காட்டினார். வேட்டி இல்லை, ஐயர் இல்லை, ஒன்றும் கொண்டு வரவில்லை என்றார் அவர். பேண்டோட எறங்கு என்றார் மாமியார். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வேறு பக்கம் பார்த்தார். போனையும் பர்ஸையும் மணலில் வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளித் தன் அப்பாவுக்குத் தண்ணீர் விட்டார். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரிய அலை வந்து முகத்தில் அடித்தது. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமினார். நன்றாகவே இருமினார். யாரும் போய் முதுகைத் தட்டவில்லை.

அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றார் ஈர உடையோடு. முடியாது என்றேன். சிம்மாசலம் அண்ணியின் வேண்டுதல், அத்தை இன்னும் கடல் பார்த்து முடிக்கவில்லை, எனக்குக் கைலாசகிரியும் அரக்கும் பாக்கி இருக்கிறது என்றேன். ஒரு இடத்தையும் குறைக்க விடவில்லை. எல்லா இடத்திலும் போனை அவர் கையில் கொடுத்து என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். கடற்கரையில் காட்சிக்கு வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலின் முன்னால் எடுத்தது சாய்ந்திருக்கிறது என்று மறுபடி எடுக்க வைத்தேன். சிம்மாசலத்தில் பிரசாத வரிசையில் நின்று நாத்தனார் சத்தமில்லாமல் அழுதார். தம்பிக்காகவா, தனக்காகவா தெரியாது. நான் கேட்கவில்லை.

கைலாசகிரியில் ரோப் காரில் நானும் அவரும் மட்டும் உட்காரும்படி ஆயிற்று. கீழே கடற்கரை ஒரு பெரிய வளைவாகக் கிடந்தது. அவர் அந்த நேரத்துக்காகவே காத்திருந்ததுபோல ஆரம்பித்தார். "அவ யாருன்னு சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். அப்பறம் நீ என்னா வேணா..."

"நான் கேக்கலிங்களே" என்றேன்.

அவர் நிறுத்தினார். சொன்னால் மனசு லேசாகிவிடும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். அந்தப் பெண் யார், எந்த ஊர், எத்தனை நாள் பழக்கம் எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லி இறக்கி வைக்க அவருக்கு அவ்வளவு தவிப்பு இருந்தது. அந்தச் சுமையை நான் ஏன் இறக்கிவிட வேண்டும்? இந்தப் பயணம் முழுக்க நான் செய்ததிலேயே பெரியது அதுதான் என்று நினைக்கிறேன். வண்டி மேலே போய் நிற்கும்வரை அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கடலைப் பார்த்தேன். அழகாக இருந்தது. பொய் சொல்வானேன், அவளைக் கூட்டிக்கொண்டு போக அவர் நல்ல ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியதும் நாத்தனார் பஸ் பிடித்து நெய்வேலிக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஆட்டோ ஏறினோம். முதலில் பட்டறைக்கு விடச் சொன்னேன். வாசலில் நிறுத்தி, அவர் பெட்டியை நானே இறக்கி வைத்தேன். சரக்கு அனுப்பும் அறையில் கட்டில் இருக்கிறது, துணிமணியை நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்றேன். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார், வெயிலா இருக்குது, வண்டிய எடுக்கச் சொல்லும்மா என்றார்.

மகளிடம் நானே போனில் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருந்தால் பரீட்சையை விட்டுவிட்டு நானும் வந்திருப்பேனே அம்மா என்றாள்.

இப்போதும் அவர் பட்டறையில்தான் இருக்கிறார். பகலில் நான் முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். லாரி வந்துவிட்டது, அட்டைப்பெட்டி தீர்ந்துவிட்டது என்கிற அளவுக்குப் பேச்சு இருக்கிறது. வெளியூர் வியாபாரிகளைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறோம். மாமியார் கூப்பிட்டு அனுப்பினால் வீட்டுக்கு வருவார். கூடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். ஒரு தடவை கண் கலங்க என்னிடம், நீ இன்னும் எத்தனை நாளைக்கு என்று ஆரம்பித்தார். நான் உள்ளே போய்விட்டேன். மன்னித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். எனக்கு இப்படியும் நன்றாகத்தான் இருக்கிறது.

நாத்தனார் பல மாதம் பேசவில்லை. போன வாரம் திடீரென்று போன் வந்தது. அவருடைய கணவர் ஓய்வு பெறப் போகிறாராம், குஜராத்தில் துவாரகை போக வேண்டும் என்கிறாராம், எந்த வண்டி, எங்கே மாறுவது, எங்கே தங்குவது என்று கேட்டார். நிதானமாக எல்லாம் சொன்னேன். கோயிலுக்குப் பக்கத்தில் அறை எடுங்கள் அண்ணி, அண்ணனுக்கு முழங்கால் வலி என்றேன். சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார். வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது தயங்கி, "தம்பி சாப்ட்டானாம்மா?" என்றார்.

"தெரியலிங்கண்ணி" என்றேன்.